பழங்காட்டின் எடை

ஜனவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலமா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போய்ச் சேர்ந்ததும் எழுது என்றீர்கள். எழுதத்தான் நினைத்தேன், ஆனால் இங்கே கைபேசி மணி பார்க்க மட்டுமே உதவும். வாரம் ஒருமுறை சாமான் ஏற்றி வரும் ஜீப்பில்தான் தபால் வரும், போகும். ஆகவே நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடுவதாக இருந்தாலும் ஜீப்புக்குக் காத்திருந்துதான் போட வேண்டும்.

தங்குவதற்குத் தகரக்கூரை போட்ட நீளமான அறை. ஒரு பக்கம் கட்டில்கள், மறுபக்கம் தராசு, உலர்த்தும் அடுப்பு, சேறு படிந்த பூட்சுகள். என் தலையணைக்குப் பக்கத்தில் இலைகள் நிரம்பிய காகிதப் பைகள் அடுக்கியிருக்கின்றன. எதை எடுத்தாலும் எடை போடும் ஊர் இது. தப்பித் தவறி உட்கார்ந்தால் என்னையும் தராசில் ஏற்றிவிடுவார்கள்.

வேலையைச் சொல்கிறேன். நான்கு வயதுகளில் காடுகள் இருக்கின்றன. நட்டு எட்டு வருடமான காடு, இருபது வருடக் காடு, நாற்பது வருடக் காடு, கடைசியாக யாரும் நடாத பழங்காடு. ஒவ்வொன்றிலும் கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, உள்ளே நிற்கும் மரங்களை அளந்து, அவற்றின் எடை எவ்வளவு, அந்த எடையில் கார்பன் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். சுற்றளவை மார்பளவு உயரத்தில் எடுக்க வேண்டும் என்பது விதி. யாருடைய மார்பு என்று கேட்காதீர்கள். என்னோடு வேலை செய்யும் நெட்டையரின் மார்புக்கு நான் முக்காலி போட்டு ஏற வேண்டும். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே உயரத்தில் வெட்டிய குச்சி ஒன்று வைத்திருக்கிறோம். அந்த நெட்டையருக்குக் கொக்கு என்று பெயர் வைத்தாயிற்று. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறார்.

அண்ணி, பழங்காட்டை நீங்கள் பார்க்க வேண்டும். முதல் நாள் உள்ளே போனபோது நான் வாயே திறக்கவில்லை. "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கொக்கு பயந்துவிட்டார். அந்தக் காட்டின் தலையெழுத்து எங்கள் கையில் இருக்கிறது. நாற்பது வருடக் காட்டில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கு கார்பனாவது பழங்காட்டில் இருந்தால் வனத்துறையில் அதை விட்டுவைப்பார்களாம். இல்லையென்றால் ஏலம் விட்டு வெட்டி, அந்த இடத்தில் கன்று நடுவார்களாம். மேலதிகாரி இதைச் சொன்னதும் நான் அளவு நாடாவை இன்னொரு முறை சரிபார்த்தேன்.

அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க மறக்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 31

அன்பு நாத்தனாருக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்வதில்லை.

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நிற்கிற மரத்தை எடை போடுகிறாய் என்றதும் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டார். "வெட்டாம எப்படி எடை போடுவா? தூக்கிப் பாப்பாளா?" என்றார். இருபது வருடமாக மரம் அறுக்கிற மனிதருக்கு மரம் என்றால் படுத்துக்கிடப்பது. நிற்கிற மரத்தில் அவருக்கு நம்பிக்கை வருவதில்லை. எனக்கும் புரியவில்லை, ஆனால் உன்னைப் பற்றி யாராவது கேட்டால் எல்லாம் புரிந்தவள் போல் விளக்குகிறேன். நேற்றுகூட கட்டட மேஸ்திரி ஒருவர் பலகை எடுக்க வந்தார். "எங்க வீட்டுப் பொண்ணு காட்டையே தராசுல வெச்சிருக்கா" என்றேன். ஆள் அசந்துபோய் பேரம் பேச மறந்துவிட்டார்.

ஆலை ஓடுகிறது. இப்போதெல்லாம் என் இடுப்புகூட இல்லாத ஒல்லி மரங்கள்தான் வருகின்றன. (சிரிக்காதே, என் இடுப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.) பெரிய ரம்பத்துக்கு வேலை இல்லாததால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். ரம்பக்காரர் மட்டும் வாரம் ஒருநாள் தார்ப்பாயை விலக்கி எண்ணெய் போட்டுவிட்டு வருகிறார். இதையெல்லாம் நீ மனதில் போட்டுக்கொள்ளாதே. எட்டுப் பேருக்கும் வேலை இருக்கிறது.

எப்படி எடை போடுகிறாய் என்று விளக்கமாக எழுது. நான் பொய் விளக்கம் சொல்லி மாட்டிக்கொள்ளும் முன் எழுது.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இடுப்பு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். நான் நலம். லேசாக இருமல் இருக்கிறது, கவலைப்படும் அளவுக்கு இல்லை.

எடை போடும் விதம் இதுதான். எட்டு வருடக் காட்டில் ஆறு மரங்களை மட்டும் வெட்டினோம். தண்டு, கிளை, குச்சி, இலை என்று தனித்தனியாகப் பிரித்துத் தராசில் தொங்கவிட்டோம். ரம்பம் ஓடும்போது கீழே துணி விரித்து, விழுந்த மரத்தூளைக்கூட வாரி எடை போட்டோம். நம் ஆலையில் மூட்டை மூட்டையாகத் தூளைப் பெருக்கித் தள்ளுவது நினைவுக்கு வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு துண்டுகளை அடுப்பில் வைத்து, இனி எடை இறங்காது என்ற நிலை வரும்வரை காய வைப்போம். பச்சை மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான் அண்ணி. காய்ந்து மிஞ்சியதில் ஏறக்குறைய பாதி கார்பன். காற்றில் இருந்ததை மரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்து உடம்பாக்கிக்கொண்டிருக்கிறது.

இப்படிச் சில மரங்களை வெட்டிப் பார்த்தால், இவ்வளவு சுற்றளவும் இவ்வளவு உயரமும் இருந்தால் இவ்வளவு எடை என்று ஒரு சூத்திரம் கிடைக்கும். அதை வைத்து மற்றவற்றை வெட்டாமலே சொல்லிவிடலாம். நல்ல தையல்காரர் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எவ்வளவு துணி வேண்டும் என்று சொல்வதில்லையா, அதைப் போல. பழங்காட்டில் எதையும் வெட்டக்கூடாது. பென்சில் பருமனில் ஒரு துளையிட்டு, கட்டை எவ்வளவு கெட்டி என்று மட்டும் பார்க்கிறோம்.

அண்ணன் கேட்டால் இதையும் சொல்லுங்கள். இளங்காடு சம்பாதிக்கிற பையன் மாதிரி. வருடத்துக்கு வருடம் நிறைய சேர்க்கிறது, ஆனால் கையிருப்பு கொஞ்சம்தான். பழங்காட்டுக்கு வருமானம் குறைவு, கையிருப்போ மலையளவு. அதிலும் மிகப் பெரிய மரங்கள் சிலவற்றிலேயே மொத்த எடையில் பாதி அடங்கிவிடுகிறது. சம்பாதிக்கிற பையன் வருகிறான் என்பதற்காகச் சேமிப்பை எரித்துவிடலாமா? அதிகாரிகளிடம் இப்படிக் கேட்க நாக்கு துடிக்கிறது. எனக்குக் கொடுத்திருக்கும் வேலை அளப்பது மட்டும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

அங்கே ஒரு மரம் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர் கைகோத்து நின்றும் சுற்றி வளைக்க முடியவில்லை. கொக்கின் கை நீளம் சேர்த்தும்தான்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 10

அன்பு நாத்தனாருக்கு,

இருமல் நின்றதா? நிற்காவிட்டால் கணக்கை மூட்டை கட்டிவிட்டு மருத்துவரிடம் போ.

உன் கடிதம் பிரமாதம். சேமிப்பை எரிக்கலாமா என்ற கேள்வியை நான் இங்கே நாலு பேரிடம் என் சொந்தச் சரக்கு போலக் கேட்டுவிட்டேன். மரத்தூளை எடை போட்ட கதையைக் கேட்டு ரம்பக்காரர், "அந்தப் பொண்ணு நம்ம ஆலைக்கு வந்தா நாம எல்லாரும் திருட்டுப் பட்டம் வாங்கிடுவோம்" என்றார். எங்களில் யாருக்கும் இந்தப் பொறுமை வராது. எனக்கு அவசரம் பிறவிக் குணம், உன் அண்ணனுக்கோ தூக்கம். இந்த வீட்டில் நீ எப்படி வளர்ந்தாய் என்றே தெரியவில்லை.

இனி ஒரு விஷயம். காட்டைப் பற்றி எனக்கு எழுதாதே. மரம் எவ்வளவு பருமன், எத்தனை இருக்கிறது, எப்படி நிற்கிறது, எதுவும் வேண்டாம். நீ எழுதுவதைப் படித்தால் உன் அண்ணன் பெரிய மரக் கனவிலேயே மிதக்கிறார், ஆலையில் வேலை நடப்பதில்லை. காரணம் அவ்வளவுதான். சாப்பாடு, தூக்கம், கொக்கு, மழை, இவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காட்டைப் பற்றி எழுதக்கூடாது என்றால் நான் எதைப் பற்றி எழுதுவது? சாப்பாடு சுமார். தூக்கம் நன்று. கொக்கு கட்டிலில் கால் நீட்டினால் அடுத்தவர் கட்டில் வரை போகிறது. மழை இல்லை. ஆயிற்று, எல்லாம் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஏதோ இருக்கிறது, நீங்கள் சொல்லவில்லை. பரவாயில்லை, தோன்றும்போது சொல்லுங்கள். பருமன் எதையும் எழுதமாட்டேன். ஆனால் ஒரு வயிற்றெரிச்சலை மட்டும் கொட்டிவிடுகிறேன். முடிவு வருவதற்கு முன்பே ஏலத்துக்குப் பெயர் பதிவு செய்யச் சொல்லிவிட்டார்களாம். வெட்டுவது என்று முடிவானால் ஒரு பருவம் வீணாகக் கூடாதாம். மே மாதம் ஆலைக்காரர்கள் மரத்தைப் பார்வையிட வருவார்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பங்கு போட வருகிற உறவினர்களைப் போல. அவர்கள் யாரென்றே தெரியாது, இப்போதே அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

நம் ஆலையை இதில் சேர்க்கவில்லை. நம் ஆலை வேறு.

அண்ணனை வேலை செய்ய விடுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 16

அன்பு நாத்தனாருக்கு,

சுகம். சுகத்துக்குப் பதில் எழுது. இங்கே வெயில் அதிகம். உன் அண்ணனுக்குக் கண்ணில் தூசி விழுந்து இரண்டு நாள் கட்டுப் போட்டிருந்தார், இப்போது சரியாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அண்ணி


மே 7

அன்பு நாத்தனாருக்கு,

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஜீப் மூன்று தடவையாவது வந்து போயிருக்கும். உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. வனத்துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன், எல்லோரும் நலம் என்றார்கள். நலமாக இருந்தும் எழுதவில்லை என்றால் எனக்கு அது காய்ச்சலைவிடக் கவலையாக இருக்கிறது.

போன கடிதம் மொட்டையாக இருந்தது என்று கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுது. நீ திட்டினாலும் நான் நாலு பேரிடம் பெருமையாகத்தான் சொல்வேன்.

அன்புடன்,
அண்ணி


மே 25

அன்பு நாத்தனாருக்கு,

நேற்று உன்னைப் பார்த்தேன். நீயும் எங்களைப் பார்த்தாய்.

நாங்கள் மார்ச் மாதமே பெயர் பதிவு செய்துவிட்டோம். ஏல அறிவிப்பைப் பத்திரிகையில் முதலில் பார்த்தது உன் அண்ணன். அன்று மாலையே தார்ப்பாயை விலக்கிப் பெரிய ரம்பத்தைத் துடைத்தார். கல்யாண மாப்பிள்ளையாக நின்றபோதுகூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை, நான்தான் பக்கத்தில் இருந்தேனே. ஆலை ஓடுகிறது என்று உனக்கு எழுதியது முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். ஒல்லி மரத்தை நம்மைவிட வேகமாக அறுக்கிற புது ஆலைகள் வந்துவிட்டன. எட்டுப் பேரில் மூன்று பேருக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. பழங்காடு கிடைத்தால் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை. உனக்குச் சொல்லியிருந்தால் அளக்கிற உன் கை நடுங்கும் என்று நினைத்தேன். நீ எழுதுவது ஏலத்தில் எங்களுக்கு உதவிவிட்டால் உன் பெயர் கெடும் என்றும் நினைத்தேன். அதனால்தான் காட்டைப் பற்றி எழுதாதே என்றேன். நம் ஆலை வேறு என்று நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்குப் பேனா ஓடவில்லை.

நேற்று மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு ஆலைக்காரர்கள் வரிசையாக நடந்தோம். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், உடனே மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாய். மற்றவர்கள் முன்னே போக, முழங்காலைச் சாக்கு வைத்து நான் அங்கேயே ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டேன். நான் பின்தங்கியதை நீ கவனிக்கவில்லை. அந்த ஐந்து பேர் மரம் அதுதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

மரச்சுத்தியலால் தட்டினாய். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வைரம் பாய்ந்த மரம் அப்படிப் பேசாது. உள்ளே பொந்து விழுந்த மரம்தான் அப்படிப் பேசும். பிறகு பொந்து எவ்வளவு என்று காட்டும் கருவிப் பட்டையை மரத்தைச் சுற்றிக் கட்டப் போனீர்கள், நீளம் போதவில்லை. கொக்கு சொன்னது காதில் விழுந்தது.

"பட்டை எட்டலம்மா. எட்டாத மரத்துக்கு முழு மரம்னு வெச்சு சூத்திரத்தைப் போடலாம்னு விதியிலயே இருக்கு."

"தட்டினப்ப சத்தம் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"அப்புறம் எப்படிப் போடறது?"

"உனக்காகத்தான் சொல்றேன். இது மாதிரி பெரிய மரங்களை முழுசுன்னு எடுத்தாலே போதும், கணக்கு காடு தப்பிக்கற பக்கம் சாயறதுக்கு."

"தெரியும். அந்த இன்னொரு பட்டையைக் குடுங்க. ரெண்டையும் சேத்துக் கட்டலாம்."

இரண்டையும் சேர்த்துக் கட்டினாய். கருவியின் திரையைப் பார்த்தாய். அப்போது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பிறகு பேனாவை எடுத்து எழுதினாய். காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று உருகி உருகி எழுதிய பெண், விதியே கை கொடுத்தும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு எழுதினாய். அழக்கூட இல்லை. என்னால் முடியாது. நான் என்றால் அந்த இன்னொரு பட்டையை ஓடையில் எறிந்திருப்பேன்.

என்னோடு பேசாதது கோபத்தால் என்றால் அது நியாயமான கோபம்தான். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக்கு வாழ வந்து இத்தனை வருடத்தில் நான் இவ்வளவு பெருமைப்பட்ட நாள் இல்லை. அதுவும் என் நாத்தனாரைப் பார்த்து. ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

அண்ணி


ஜூலை 3

என் அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். முழங்காலோடு காட்டுக்குள் அவ்வளவு தூரம் நடந்தீர்களே, இப்போது எப்படி இருக்கிறது? அண்ணன் கண் சரியாகிவிட்டதா? கேட்பதற்கு மூன்று மாதம் தாமதம், மன்னியுங்கள். உங்கள் மூன்று கடிதங்களையும் இன்று காலைதான் பிரித்தேன்.

கோபம் இல்லை அண்ணி. ஏப்ரல் முதல் வாரம் ஏலத்துக்குப் பதிவு செய்தவர்களின் பட்டியல் ஜீப்பில் வந்தது. அதில் நம் ஆலையின் பெயர் இருந்தது. பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டேன். பிறகு நேராக மேலதிகாரியிடம் போய், "இது எங்க அண்ணன் ஆலை சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டுக்குப் போறதுன்னா போம்மா, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. இருக்கறதுன்னா ரெண்டு விஷயம். தனியா எதையும் அளக்கக் கூடாது. அறிக்கை வெளிய வர்ற வரைக்கும் வீட்டோட பேச்சு வார்த்தை, கடிதம், எதுவும் கூடாது" என்றார். ஏன் எழுதவில்லை என்று ஒரு வரி எழுதிவிடவா என்று கேட்டேன். அதுவும் கூடாது என்றார். இருக்கிறேன் என்றேன். உங்கள் கடிதங்கள் வர வர, பிரிக்காமல் அவரிடம் கொடுத்தேன். அவர் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். நீங்கள் என்னவெல்லாம் நினைத்திருப்பீர்கள் என்று தெரியும். அன்று காட்டில் உங்களைப் பார்த்தபோது ஓடி வந்து கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதனால்தான் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறிக்கை நேற்று வெளியாகிவிட்டது. ஏலம் கேட்பவர்கள் எல்லோருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்கள், உங்களுக்கும் வந்திருக்கும். சூத்திரத்தின்படி மட்டும் பார்த்தால் பழங்காடு ஒன்றரை மடங்கைத் தாண்டி நின்றது. பெரிய மரங்களில் பாதிக்கு உள்ளே பொந்து. அதைக் கழித்ததும் ஒன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. ஒன்றரை மடங்கு என்று கோடு போட்டவர்கள் கோட்டைத்தான் பார்ப்பார்கள். வெட்டுவது என்று முடிவாகிவிட்டது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. கொக்கு மட்டும் இரண்டு நாளாக என்னோடு பேசாமல் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டு வைக்கிறார்.

அண்ணி, இல்லாத எடையை இருக்கிறது என்று எழுதி ஒரு காட்டைக் காப்பாற்றலாம். பிறகு நான் எழுதுகிற எந்தக் காட்டை யார் நம்புவார்கள்? இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். நேற்று அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நீங்கள் பார்க்காத அழுகை அது.

ஆலையில் மூன்று பேருக்குப் பாதி நாள்தான் வேலை என்று எனக்குத் தெரியவே தெரியாது. ரம்பக்காரர் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஏலம் உங்கள் விஷயம். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. அடுத்த மாதம் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன். என் அறையில் பலகை அடுக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 24

என் கண்ணே,

சுகமாக இருக்கிறோம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கடைசி வரிக்குத் தாவாதே.

நேற்று முன்தினம் ஏலம். துறை அலுவலகத்தின் மாடியில் நீளக் கூடம், ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது ஐம்பதும் காலி. வாசலில் இருந்த எழுத்தர்தான் விஷயத்தைச் சொன்னார். உன் அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு ஆலைக்காரராகப் பெயரை எடுத்துவிட்டார்களாம். பொந்து விழுந்த மரத்தை வாங்கி என்ன செய்வது, கூலிக்கும் லாரிக்கும்கூடக் கட்டாது என்றார்களாம். "நீங்க மட்டும்தான் பாக்கி. கேக்கற விலைக்குக் கெடைக்கும், போங்க" என்று எங்களுக்குக் கை காட்டினார். அவர் சொன்னது சரிதான். பொந்தைச் சுற்றியிருக்கும் நல்ல கட்டையைப் பிடித்து அறுக்கிற அகல ரம்பம் நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது. தார்ப்பாய்க்குக் கீழே.

உன் அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. மாடிப்படியிலேயே என்னை நிறுத்தினார்.

"பாத்தியா? நமக்குன்னே எழுதி வெச்ச மாதிரி இருக்கு."

"நமக்குன்னு எழுதல. அவ பாட்டுக்கு உண்மைய எழுதினா."

"நான் மட்டும் இல்லேன்னா சொல்றேன்? வெட்டறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நாம எடுக்கலேன்னா வேற எவனாவது எடுக்கப் போறான்."

"வேற எவனும் இல்லியே. அதானே இப்ப பிரச்சினை."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மனதில் இருந்ததைச் சொன்னேன். காட்டைக் காப்பாற்றுகிற உரிமை அவளுக்கு இல்லை, அவள் அளக்கிறவள், உள்ளதைத்தான் சொல்ல முடியும். நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வேண்டாம் என்று இருக்க நமக்கு உரிமை இருக்கிறது என்றேன். "எட்டுப் பேருக்கு என்ன சொல்றது?" என்று கேட்டார். பெரிய ரம்பத்தை விற்றுவிட்டு ஒல்லி மரத்துக்கு ஏற்ற ரம்பமாக வாங்கலாம், எட்டுப் பேரையும் வைத்துக்கொண்டே புதிதாகப் பழகலாம் என்றேன். "அந்த ரம்பத்தை விக்கறதா?" என்றார். பிறகு எழுந்து படியேறத் தொடங்கினார். அந்த ரம்பம் அவருக்கு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். ஏல அதிகாரி எங்கள் இருவருக்காக ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது அவர்கள் நடைமுறை. காட்டின் பரப்பு, மரங்களின் எண்ணிக்கை எல்லாம் படித்துவிட்டு, "ஒண்ணாவது தரம், யாராவது கேக்கறீங்களா?" என்றார். உன் அண்ணன் தலை குனிந்திருந்தார். ரெண்டாவது தரம் என்று கூப்பிட்டபோது அவர் கை தொடையிலிருந்து எழுந்தது. என் உயிர் போய்விட்டது. அவர் அந்தக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடையில் வைத்துக்கொண்டார். அதிகாரி எங்களையே பார்த்துக்கொண்டு வேண்டுமென்றே நேரம் கொடுத்தார். "மூணாவது தரம்" என்றார். உன் அண்ணன் கையை எடுக்கவில்லை.

கேட்பார் இல்லை என்று எழுதிப் புத்தகத்தை மூடினார். வெட்டுவதைத் தள்ளி வைத்துவிட்டார்களாம், சில வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். அப்போது யார் வருவார்களோ, நமக்குத் தெரியாது.

கீழே இறங்கும்போது அந்த எழுத்தர் விடவில்லை. "இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு நேரம் உக்காந்துட்டு, கேக்காமலே போறீங்களே சார்?" என்றார்.

உன் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "என் தங்கச்சி அடுத்த மாசம் வீட்டுக்கு வர்றா. அவ கூட உக்காந்து, அவ கண்ணைப் பாத்து நான் ஒரு வாய் சாப்பிடணுமில்ல?"

அறையில் பலகை எதுவும் இல்லை, பெருக்கி வைத்திருக்கிறேன். பத்திரமாக வா.

உன் அண்ணி